குடியையும் விடணும், சபைக்கும் திரும்பணும்: தோட்டப்புறத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கை பட்டாணி பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்து, ஒரு காலத்தில் வெள்ளைச் சட்டை எல்டர்களிடம் (சபையின் இளம் ஊழியர்கள்) ஞானஸ்நானம் எடுத்து, அப்புறம் குடியிலோ வேறு பழக்கத்திலோ மாட்டிக்கொண்டு சபைப் பக்கமே போகாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் "மோர்மன் சபை" என்று சொல்வது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைத்தான். நான் சபையில் ஒரு சாதாரண உறுப்பினர். டாக்டர் இல்லை. கீழே இருப்பவை எல்லாம் ஒட்டுக்கடையிலும் துக்க வீட்டிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்.

முதலில் குடியை நிறுத்திவிட்டு, சுத்தமான ஆளாகச் சபைக்கு வரலாம் என்று நினைக்கிறேன். அதுதானே முறை?

இல்லை. இந்த ஒரு எண்ணத்தில்தான் பலரும் வருஷக்கணக்கில் நின்றுபோகிறார்கள். அடுத்த மாதம் நிறுத்துவேன், அதற்கடுத்த ஞாயிறு போவேன் என்று சொல்லிக்கொள்வார்கள். மாதம் வரும், குடி நிற்காது, ஞாயிறும் போகமாட்டார்கள். ஞாயிறு கூட்டத்துக்கு யாரும் வரலாம். வாசலில் நின்று வாயை மோந்து பார்க்க ஆள் போடவில்லை.

மதுவும் புகையிலையும் கூடாது என்கிற ஞான வார்த்தை 1833 பிப்ரவரி 27-இல் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்துக்கு வெளிப்படுத்தப்பட்டது என்பது சபையின் நம்பிக்கை. 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' நூலின் 89-ஆம் பிரிவு அது. அதை மீறினால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மையில்லை. உறுப்பினரை விசாரிக்க மன்றம் கூட்டக் கூடாத காரணங்கள் என்று சபையின் பொதுக் கையேடே சிலவற்றைச் சொல்கிறது. ஞான வார்த்தையைக் கடைப்பிடிக்காதது அதில் ஒன்று. கூட்டத்துக்கு வராமல் இருந்ததும், தசமபாகம் கட்டாததும் அப்படித்தான்.

ஆனால் போதைப்பொருள் விற்றவர் கதை வேறு, வீட்டில் மனைவி பிள்ளைகளை அடித்தவர் கதை வேறு. அவற்றுக்கு மன்றம் கூடலாம். "குடியில் செஞ்சதுதானே" என்று இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வராதீர்கள்.

பத்து வருஷமாகப் போகவில்லை. என் பெயர் இன்னும் இருக்குமா? மறுபடி தண்ணீரில் முங்க வேண்டுமா?

நீங்களாக எழுதிக் கொடுத்து விலகியிருந்தாலோ, மன்றம் கூடி உறுப்புரிமையை எடுத்திருந்தாலோ தவிர, பெயர் அப்படியே இருக்கும். வராமல் இருந்ததால் யாரும் நீக்கப்படுவதில்லை. வீடு மாறி, தோட்டம் விற்கப்பட்டு, வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்தவர்களின் பழைய முகவரி மட்டும்தான் தொலைந்திருக்கும். அதைத் திருத்திக்கொள்ளலாம். மறு ஞானஸ்நானம் தேவையில்லை.

உறுப்புரிமை எடுக்கப்பட்டவர் என்றால் மறுபடி ஞானஸ்நானம் உண்டு. அதற்கு முன் வழக்கமாக ஓராண்டாவது ஆகும். அந்த ஓராண்டும் அவர் கூட்டத்துக்கு வரலாம்.

சத்தியம் பண்ணிவிட்டேன். நாளைக்கே ஒரே அடியாக நிறுத்தப் போகிறேன். ஜெபம் போதும்தானே?

கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தினமும் சம்சு (மலிவுச் சாராயம்) குடிக்கிறவர், காலையில் எழுந்ததும் கிளாஸைப் பிடிக்க முடியாமல் கை ஆடுகிறவர், முதல் மடக்கு உள்ளே போனதும் அந்த ஆட்டம் நிற்கிறவர் என்றால், அவர் உடம்பு மதுவோடு பழகிப் போயிருக்கிறது. அதைத் திடீரென்று எடுத்தால் உடம்பு எதிர்த்து நிற்கும். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை புத்தி தடுமாறி, இல்லாத ஆளோடு பேசி, சுவரில் பூச்சி ஊர்வதாகப் பார்க்கிற நிலை சிலருக்கு வரும். வைத்தியம் பார்க்காமல் விட்டால் அது உயிரையே எடுத்துவிடும். வீட்டில் இதைப் பேய் என்பார்கள், செய்வினை என்பார்கள். சபைக்காரர்களிலும் சிலர் சாத்தானின் சோதனை என்று தலையில் கை வைத்து ஜெபிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஜெபம் செய்யட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் காடியை (காரை) எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பட்டும்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). அங்கே போய், ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வருஷமாக, கடைசியாகக் குடித்தது எப்போது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வெட்கப்பட்டு "எப்பவாவது ரெண்டு பெக்" என்றால் டாக்டர் அதற்கேற்ற மருந்தைத்தான் தருவார். முன்பு வலிப்பு வந்தவர் என்றால் சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக் கொடுப்பார்கள். பல வருஷக் குடியில் பி1 வைட்டமின் வற்றிப்போய் மூளை பாதிக்கும் என்பதால் அதையும் ஏற்றுவார்கள். ஒரு வாரம் இப்படிப் போனால் உடம்பு கட்டுக்குள் வந்துவிடும். மனசின் வேலை அதற்கப்புறம்தான் தொடங்கும். சபை உதவக்கூடிய இடம் அது.

டாக்டர் மாத்திரை, மெத்தடோன் எல்லாம் இன்னொரு போதை இல்லையா? ஞான வார்த்தைக்கு எதிராச்சே?

இல்லை. தகுந்த மருத்துவரின் கண்காணிப்பில் எடுக்கும் மருந்தைச் சபை தடுக்கவில்லை. ஹெராயின் பழக்கத்துக்கு மலேசியாவில் 2005 முதல் அரசாங்கமே மெத்தடோன் சிகிச்சை தருகிறது. காலையில் கிளினிக்கில் வரிசையில் நின்று குடித்துவிட்டு, நேராக எண்ணெய்ப்பனைக் குலை வெட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவரைப் பார்த்து "நீ இன்னும் திருந்தலே" என்கிறவருக்கு மெத்தடோன் என்றால் என்னவென்றும் தெரியாது, திருந்துவது என்றால் என்னவென்றும் தெரியாது.

ஷாபுவுக்கு (மெத்தாம்பெட்டமின் போதைப்பொருள்) இப்படி மாற்று மருந்து கிடையாது. அங்கே ஆலோசனையும் கூட இருக்கும் ஆட்களும்தான் வழி. ஏ.ஏ.டி.கே என்கிற தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்திடம் தானாகப் போய் சிகிச்சை கேட்கலாம்.

கெத்தும் தண்ணீர்? வெற்றிலை?

கெத்தும் (ketum) என்பது ஒரு மரத்தின் இலை; அதைக் காய்ச்சிய தண்ணீரும் பழக்கமாகிவிடும், சட்டப்படியும் சிக்கல். விட வேண்டியதுதான். வெற்றிலையோடு புகையிலை சேர்ந்தால் ஞான வார்த்தையில் நேரடியாகவே அடிபடும். பாக்கு மட்டும் போடும் பாட்டிகளுக்கு ஒரு தகவல்: பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் வகைப்படுத்தியிருக்கிறது.

திரும்பி வந்தால் தேத்தண்ணியும் காப்பியும்கூட விடணுமாமே?

ஆமாம், விடணும். நம்மூர்க்காரனுக்குச் சம்சுவை விடச் சொன்னால்கூடப் புரியும், தே தாரேக்கை விடச் சொன்னால் முகம் மாறிவிடும். பச்சைத் தேயிலையும் ஐஸ் டீயும்கூடக் கூடாது, அதே இலைதானே. வேப் (vape) என்கிற மின்சிகரெட்டும் கூடாது என்று 2019-இல் சபையின் இளைஞர் பத்திரிகை தெளிவாகவே எழுதியது. சுக்குத் தண்ணி, மைலோ, பார்லி, சிராப் பண்டோங் எல்லாம் குடிக்கலாம்.

இனி நான் சொல்வது என் சொந்தக் கருத்து. சம்சுவை விட்டு ஒரு வாரம்கூட ஆகாதவர், கை நடுக்கத்தோடு தேத்தண்ணி கிளாஸைத் தள்ளி வைத்து அவஸ்தைப்பட வேண்டாம். உயிரை எடுப்பது எதுவோ அதை முதலில் விடுங்கள். கிளைத் தலைவரிடம் (உள்ளூர்ச் சபையை நடத்துபவர்) "அண்ணே, டீ இன்னும் குடிக்கிறேன்" என்று ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஆலயத்துக்கு (ஞாயிறு கூட்டம் நடக்கும் இடம் அல்ல, விசேஷச் சடங்குகளுக்கான தனிக் கட்டடம்) போக அனுமதிச் சீட்டு கேட்கும்போது எல்லாவற்றையும் விட்டிருக்க வேண்டும். அதற்கு நாள் இருக்கிறது.

கிளைத் தலைவரிடம் என்ன சொல்வது? சொன்னால் மறுநாள் லயம் முழுக்கத் தெரிந்துவிடாதா?

அவரிடம் சொல்வது இரகசியம். அவருடைய மனைவியிடம்கூட அவர் சொல்லக் கூடாது என்பதுதான் முறை. நம்ம ஊரில் சுவருக்கும் காது உண்டு, அந்தப் பயம் நியாயம்தான். ஆகவே ஞாயிறு கூட்டம் முடிந்து எல்லாரும் நிற்கும் இடத்தில் பிடித்து நிறுத்திப் பேசாதீர்கள். போனில் நேரம் கேட்டு, தனியாகப் போய் உட்கார்ந்து பேசுங்கள்.

பாவப் பட்டியல் எழுதிக்கொண்டு போக வேண்டியதில்லை. என்ன பழக்கம், எப்போதிலிருந்து, வீட்டில் யாருக்கு என்ன காயம், டாக்டரைப் பார்த்தாச்சா, இவ்வளவு போதும். அவர் சம்பளம் வாங்கும் பாதிரியார் இல்லை. வாரநாளில் உங்களைப் போலவே வேலைக்குப் போகிற ஆள். போதை பற்றி அவருக்கு உங்களைவிடக் குறைவாகவே தெரிந்திருக்கலாம். அவர் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டார் என்றால் சபையே தப்பு என்று எழுந்து வந்துவிடாதீர்கள். "அண்ணே, டாக்டர் இப்படிச் சொன்னார்" என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

திருவிருந்துத் தட்டு வரும்போது எடுக்கலாமா?

அதைக் கிளைத் தலைவரோடு பேசி முடிவு செய்யுங்கள். சில காலம் எடுக்காமல் இருக்கச் சொல்லலாம், தொடர்ந்து எடுக்கவும் சொல்லலாம். எடுக்காத நாளில் தட்டை வாங்கி அடுத்தவரிடம் நகர்த்திவிட்டால் போதும். எதிர் வரிசையில் யாராவது பார்த்தால் பார்க்கட்டும். உடம்பு சரியில்லாதவரும், பக்கத்து வீட்டு விருந்தாளியும்கூட அப்படித்தான் நகர்த்துகிறார்கள்.

குடியிலிருந்து மீள்கிறவருக்கு இந்தச் சபையில் ஒரு வசதி இருக்கிறது. திருவிருந்தில் திராட்சை ரசம் கிடையாது. ரொட்டித் துண்டும் சின்னக் கிண்ணத்தில் பச்சைத் தண்ணீரும்தான்.

முதல் ஞாயிறு எல்லாரும் உபவாசம். நானும் இருந்தால்தானே மரியாதை?

குடியை விட்ட முதல் மாதங்களில் வேண்டாம். உபவாசம் என்றால் இரண்டு வேளைச் சாப்பாட்டையும் தண்ணீரையும் விடுவது. மாத்திரையில் இருக்கிறவருக்கும், சர்க்கரை நோயாளிக்கும், உடம்பு தேறாதவருக்கும் அது கடமையே இல்லை.

இன்னொன்றும் உண்டு. நம்ம நாட்டுச் சட்டப்படி, போன மாதச் சம்பளம் ஏழாம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். முதல் ஞாயிறும் ஒன்றிலிருந்து ஏழுக்குள்தான் விழும். காசு கையில் இருக்கும் வாரமும் வயிறு காலியாக இருக்கும் நாளும் ஒன்றாக வந்தால் என்ன ஆகும் என்று குடித்தவனுக்குத் தெரியும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வாருங்கள். சம்பளத்தை வீட்டுக்காரியின் வங்கிக் கணக்கில் போடச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது.

சபைக்கென்று மறுவாழ்வுத் திட்டம் இருக்கிறதாமே?

இருக்கிறது. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் பன்னிரண்டு படிகளை, அவர்கள் அனுமதியோடு, சபை தன் நம்பிக்கைக்கு ஏற்ப எடுத்துக்கொண்டது. காசு கிடையாது, பெயர் பதிவு கிடையாது. வந்தவர் யார், என்ன பேசினார் என்று கிளைத் தலைவருக்கு அறிக்கையும் போகாது. சபையில் இல்லாதவரும் வரலாம். இணையத்திலும் போனிலும் கூட்டங்கள் நடக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலம், அமெரிக்க நேரம் என்பதால் நமக்கு எத்தனை மணிக்கு வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி, என்னால் முடியவில்லை என்று ஒத்துக்கொள்வது. தோட்டத்து ஆண்பிள்ளைக்கு இதுதான் பெரிய மலை. இன்னொரு படியில், யாருக்கு என்ன கெடுதல் செய்தோம் என்று எழுதிப் பார்த்து, முடிந்ததைச் சரி செய்யச் சொல்கிறார்கள். அடகுக்கடையில் முழுகிப்போன தாலிக்கொடி, பிள்ளையின் பள்ளிப் பணம், கூட்டாளியிடம் வாங்கிய மோட்டார் என்று இங்கே அந்தப் பட்டியல் நீளும். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் அடைக்கப் பார்க்காதீர்கள். கடன் நெருக்கடியே மறுபடி கடைப் பக்கம் இழுக்கும்.

ஆங்கிலம் ஓடாது என்றால் ஒரு சகோதரரோடு உட்கார்ந்து தமிழ் மார்மன் புத்தகத்தில் (சபையின் வேதநூல்களில் ஒன்று) ஆல்மா நூலின் 36-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். சபையை அழிக்கத் திரிந்த ஒருவன் மூன்று நாள் வேதனையில் கிடந்து மீண்ட கதை அது. மூன்று நாளில் மீண்டான் என்பதை மட்டும் உங்களுக்கான கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் எல்லாரும் சாமி கும்பிடுகிறவர்கள். முனியாண்டிக்குச் சாராயமும் சுருட்டும் வைத்துப் படைப்பார்கள். நான் என்ன செய்வது?

அவர்கள் வழிபாட்டைக் குறை சொல்லிக்கொண்டு திரும்பி வராதீர்கள், அது உங்கள் வேலையில்லை. படையலுக்குப் போத்தல் வாங்கிவரும் பொறுப்பை மட்டும் வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லுங்கள். படைத்த போத்தலை உடைத்து "பிரசாதம்" என்று பங்கு போடும் நேரத்தில் அங்கே நிற்காதீர்கள்.

திருமணத்தைவிடத் துக்க வீடுதான் ஆபத்து. இரவெல்லாம் கண் விழிப்பார்கள், பந்தலுக்குப் பின்னால் கிளாஸ் ஓடும், "மாமனுக்காக ஒரு மடக்கு" என்று ஒருவர் நீட்டுவார். அங்கே விளக்கம் சொல்லிப் பயனில்லை. "மருந்து சாப்பிடுறேன், டாக்டர் கூடாதுன்னுட்டார்" என்றால் பேச்சு முடிந்தது. அதில் பொய்யும் இல்லை. பகலில் போய், காரியம் முடிந்ததும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

குடி நம்ம ஜனத்தின் தலையெழுத்து என்கிறார்களே?

யார் எழுதியது என்று கேளுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்தார்கள், கொடுத்த கூலி அங்கேயே திரும்பியது. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச்.நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடையை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. நம்ம பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி தொண்டர் படை அமைத்து, குடிக்கக் கூடாது என்று லயம் லயமாகப் போய்ப் பேசினார். 1947-இல் கள்ளுக்கடை மறியல் போலீஸோடு மோதலில் முடிந்தது. மது வேண்டாம் என்பது எல்டர்கள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த புதுச் சங்கதி என்று உங்கள் மாமா கிண்டலடித்தால், அவருடைய தாத்தா காலத்துக் கதையை எடுத்துச் சொல்லுங்கள்.

மறுபடி குடித்துவிட்டேன். எல்லாம் போச்சா?

போகவில்லை. அன்றைக்கே ஒருவருக்குப் போன் போடுங்கள். ஒரு நாள் சறுக்கியது பெரிதில்லை. "இனி எந்த முகத்தோடு போவது" என்று ஒளிந்துகொள்ளும் மூன்று வாரம்தான் ஆளை முடிக்கும். ஒன்றில் மட்டும் கவனம்: சில மாதம் நிறுத்தியபின் பழைய அளவைத் தொட்டால் உடம்பு தாங்காது. ஹெராயினில் இப்படித்தான் பலர் இறக்கிறார்கள். மலிவுச் சாராயத்திலும் எச்சரிக்கை தேவை. 2018 செப்டம்பரில் சிலாங்கூர் பக்கம் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் செத்தார்கள்.

நான் அவர் மனைவி. என்ன செய்ய வேண்டும்?

போத்தலைத் தேடித் தேடிக் கொட்டுவதில் உங்கள் ஆயுளைக் கழிக்காதீர்கள் அக்கா. அவருக்காக மண்டோரிடம் "காய்ச்சல்" என்று பொய் சொல்வதை நிறுத்துங்கள். சோறு போடுங்கள், காசு கொடுக்காதீர்கள். குடும்பத்தாருக்கென்றே சபையின் திட்டத்தில் தனிக் கூட்டம் உண்டு. நீங்கள் சபையில் இல்லாவிட்டாலும் சேரலாம். அவர் கை நீட்டுகிறார் என்றால் பொறுமை, மன்னிப்பு என்று யார் சொன்னாலும் முதலில் பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். அரசாங்கத்தின் 'தாலியான் காசிஹ்' (Talian Kasih) உதவி எண் 15999, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

நான் போவதை நிறுத்தியபின் சபையில் என்ன மாறியிருக்கிறது?

ஞாயிறு மூன்று மணி நேரம் 2019 முதல் இரண்டு மணி நேரமாகிவிட்டது. உலகச் சபைத் தலைவர் மான்சன் 2018-இல் காலமானார். அவருக்குப் பின் வந்த நெல்சன் அதே ஆண்டு, "மோர்மன்" என்று சொல்லாமல் முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்றார். ஊரில் யாரும் கேட்கவில்லை, அது வேறு விஷயம். அவரும் 2025-இல் காலமாகி, இப்போது டாலின் ஓக்ஸ் தலைவர். 2023 அக்டோபரில் பாங்காக்கில் ஆலயம் திறந்துவிட்டார்கள். பாடாங் பெசாரில் ரயில் ஏறினால் மறுநாள் காலை போய்ச் சேரலாம். மணிலாவுக்கும் ஹாங்காங்குக்கும் விமானச் செலவு பார்த்துத் தயங்கிய நம் கெடாக்காரர்களுக்கு இது பெரிய விஷயம்.

ராத்திரி ஆசை தாங்கவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது?

மூன்று பேர் எண்ணைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள், போனில் மட்டும் வேண்டாம், சார்ஜ் தீர்ந்துவிடும். அதில் ஒருவராவது குடிப்பழக்கத்தை விட்டவராக இருக்கட்டும். யாரும் எடுக்கவில்லை என்றால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555, அதுவும் எடுக்காவிட்டால் மேலே சொன்ன 15999. வலிப்போ புத்தித் தடுமாற்றமோ என்றால் 999.

டை இல்லை. வெள்ளைச் சட்டையும் இல்லை. இந்த ஞாயிறே வரலாமா?

வாருங்கள். துவைத்த சட்டை எந்த நிறமானாலும் போதும். ஞாயிறு காலையில் தோட்டப் பக்கம் பஸ் குறைவு, சனிக்கிழமையே நேரம் விசாரித்து வையுங்கள். கூட்டம் நடக்கும் இடத்தைச் சபையின் இணையதளத்தில் தேடலாம். பஸ் கிடைக்காது என்றால் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள், அந்தப் பக்கமாக வரும் சகோதரர் யாராவது காடியில் ஏற்றிக்கொள்வார்.